காட்டோரம் நாலு ஏக்கர்: மக்காச்சோளமா, ராகியா, மஞ்சளா?

ஈரோடு மாவட்டத்துல தாளவாடி, ஆசனூர், கடம்பூர் பக்கம் நிலம் வச்சிருக்கவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்வி இது, "காட்டை ஒட்டி நாலு ஏக்கர் இருக்குங்க, யானை பன்னி தொல்லை தாங்கல, என்ன போட்டா நிக்கும்?" நெட்ல தேடுனா "இயற்கை விவசாயம் பண்ணுங்க, காடும் பொழைக்கும் நீங்களும் பொழைப்பீங்க"ன்னு ஒரே வரில முடிச்சுடுறாங்க. அது பத்தாதுங்க. ஒரு கைப்புடி யூரியா கூட போடாம வாழை வச்சாலும் யானை வரத்தான் போகுது, அதுக்கு ஆர்கானிக் சர்டிபிகேட் எல்லாம் படிக்கத் தெரியாது. அதனால நான் பாக்குறது வேற கணக்கு. இந்த வெள்ளாமை காட்டுல இருந்து யாரை இழுக்குது, வருஷத்துல எத்தன மாசம் இழுக்குது, அதைக் காப்பாத்த நாம எந்த அளவுக்கு எறங்க வேண்டி வருது. மருந்து உரக் கணக்கு அதுக்கப்புறம்தான்.

எடத்தைப் பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். சத்தியமங்கலம் காடு 2008-ல சரணாலயம் ஆச்சு, 2011-ல பரப்பைக் கூட்டுனாங்க, 2013-ல புலிகள் காப்பகம். 1,400 சதுர கிலோமீட்டர் சொச்சம். ஒரு பக்கம் கர்நாடகா பிலிகிரிரங்கன் மலை, இன்னொரு பக்கம் பந்திப்பூர், மாயாறு தாண்டுனா முதுமலை, மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கை கோக்குற எடம். நடுவுல தாளவாடி மேட்டு நிலம், சுத்தி எங்க பாத்தாலும் காடு. அதனால இங்க "காட்டோர நிலம்"னு தனியா பிரிக்கவே முடியாது, ஒருத்தர் தோட்டத்துல போடுறது பக்கத்துத் தோட்டத்தோட சேத்து காட்டையும் பாதிக்கும்.

முன்னாடி இங்க பெரும்பாலும் மானாவாரிதான். ஆனி ஆடில விதைப்பாங்க, கார்த்திகை மார்கழில அறுப்பாங்க, தை பொறந்தா நிலம் வெறுமனே காஞ்சு கெடக்கும், ஆடு மாடு மேயும், யானைக்கு அங்க வர ஒரு காரணமும் இல்ல. போர்வெல் வந்ததும் அந்தக் கணக்கு தலைகீழாப் போச்சு. பங்குனி சித்திரைல காடு காஞ்சு எலும்பா நிக்கும், அதே நேரத்துல வேலிக்கு இந்தப் பக்கம் வாழையும் கரும்பும் பச்சைப்பசேல்னு நிக்கும். வளந்த யானை ஒரு நாளைக்கு 150 கிலோ, அதுக்கு மேலயும் தீனி திங்கும். காட்டுக்குள்ள புல்லு மொளைக்க வேண்டிய எடத்தை உண்ணிச்செடி அடைச்சுருச்சு, மாயாறு பள்ளத்தாக்குல சீமைக்கருவேலம். அப்புறம் யானை ஏன் ஊருக்குள்ள வருதுன்னு கேட்டா என்ன சொல்றது. என்னைப் பொறுத்தவரைக்கும் காட்டோரத்துல முக்கியமான முடிவே இந்த ஒண்ணுதான்: நம்ம நிலம் வருஷம் பூரா யானைக்குத் தீனி காட்டிட்டு நிக்கணுமா, இல்ல ஒரு ரெண்டு மாசத்தோட போகட்டுமா.

இதை வச்சுப் பாத்தா கரும்பும் வாழையும் முதல் ரவுண்டுலயே அவுட். கரும்பு யானையை எவ்வளவு தூரம் பழக்கி வச்சிருக்குன்னு பாக்கணும்னா ஆசனூர் பக்கத்துல காராப்பள்ளம் செக்போஸ்ட்ல போய்ப் பாருங்க. தாளவாடில இருந்து ஆலைக்குப் போற கரும்பு லாரியை யானை ரோட்டுல மறிச்சு நிக்கும், ரெண்டு கட்டை உருவிட்டுத்தான் வழி விடும், குட்டியையும் கூட்டிட்டு வந்து அதே பாடத்தை நடத்துது. சில டிரைவருங்க தானாவே நாலு கட்டையை ரோட்டோரம் வீசிட்டுப் போவாங்க, வீடியோ எடுத்துப் போட்டா லைக் பிச்சுக்கும். ஆனா அந்தக் குட்டி பெருசானா மான் மாதிரி ரோட்டைக் கடந்து ஓடிடுமா என்ன.

மக்காச்சோளம் கொஞ்சம் யோசிக்க வைக்கிற கேஸ், ஏன்னா இந்தப் பக்கம் நெறைய பேர் அதைத்தான் போடுறாங்க, அதுக்கு நியாயமும் இருக்கு. நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவனத்துக்கு எப்பவும் கிராக்கி, மூணு நாலு மாசத்துல கைக்குக் காசு. 2025-26-க்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 2,400, தண்ணி உரம் எல்லாம் சரியா அமைஞ்சா ஏக்கருக்கு 25 குவிண்டால் எடுத்துடலாம், அப்போ 60,000. பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு. செலவுப் பக்கம் வாங்க. வீரிய விதை ஒவ்வொரு தடவையும் கடைல வாங்கணும். 2018-ல படைப்புழு நம்ம நாட்டுக்குள்ள வந்ததுல இருந்து குருத்துக்குள்ள மருந்து ஊத்தாம மக்காச்சோளம் எடுக்குறது கஷ்டம், எமாமெக்டின் ஒரு தடவையோட நிக்கறதில்ல. அந்தத் தண்ணி மழைல ஓடைக்கும் குட்டைக்கும் போகும், அதே குட்டைலதான் மானும் காட்டெருமையும் வாய் வைக்கும். எல்லாத்துக்கும் மேல காவல். கதிர் பால் புடிக்க ஆரம்பிச்சா ராத்திரி தூக்கம் போச்சு, பரண் மேல உக்காந்து டார்ச் அடிச்சுட்டு, பட்டாசு வெடிச்சுட்டு, காலைல திரும்பவும் வேலைக்குப் போகணும். இந்தக் கூலியை யாரும் செலவுக் கணக்குல எழுதறதே இல்ல, வெளியாளு வச்சு காவல் காத்தா என்ன ஆகும்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க, அந்த 60,000-ல எவ்வளவு மிஞ்சுதுன்னு தெரியும். உசிருக்கு ஆபத்து வேற. ராத்திரி காவலுக்குப் போனவங்க யானைகிட்ட மாட்டி செத்த கதை இந்தப் பக்கம் ஒண்ணு ரெண்டு இல்ல.

அப்படி மாசக்கணக்குல தூங்காம இருக்கறவன் ஒரு கட்டத்துல என்ன பண்ணுவான்? லைன்ல இருந்து கரண்ட்டை நேரா கம்பில குடுத்துடுவான், இல்லனா பன்னிக்கு அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள்ள மறைச்ச வெடி, வைப்பான். 2023 மார்ச்ல தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளில ஒரே எடத்துல மூணு பெண் யானை கரண்ட் வேலில சிக்கி செத்துச்சு, ரெண்டு குட்டி மட்டும் தப்பிச்சு சுத்திச் சுத்தி வந்ததை டிவில எல்லாரும் பாத்தோம். பன்னிக்கு வச்ச அவுட்டுக்காயைக் கடிச்சு வாய் கிழிஞ்சு தீனி திங்க முடியாம சாகுற யானையும் இருக்கு. இதை அந்த விவசாயி கெட்டவன்னு சொல்லி முடிச்சுட முடியாது, அவன் போட்ட பயிர்தான் அவனை அங்க கொண்டு போய் நிறுத்துது. தாளவாடில கருப்பன்னு ஒரு யானை மாசக்கணக்குல ஆட்டம் காட்டி 2023 ஏப்ரல்ல பிடிச்சு பர்கூர் காட்டுப் பக்கம் கொண்டு போய் விட்டாங்க. ஒரு யானையைப் பிடிச்சாச்சு, மக்காச்சோளம் அதே எடத்துலதான் இருக்கு, அடுத்தது வராம இருக்குமா?

சரி, அப்போ பழைய மாதிரி ராகிக்குப் போயிடலாமா? இங்கதான் நெறைய பேர் அவசரப்படுறாங்க, சிறுதானியம்னாலே காட்டுக்கு நல்லதுன்னு ஒரு நெனப்பு. ராகியை யானை ஆசையாவே திங்கும், கதிர் முத்துற நேரத்துல வாசம் புடிச்சு வந்துடும். வித்தியாசம் எங்கன்னா, மானாவாரி ராகிக்கு அந்த ஆபத்து நாலஞ்சு வாரம்தான். ஊரே ஒரே மழைக்கு ஒரே வாரத்துல விதைச்சா எல்லார் கதிரும் ஒண்ணாத்தான் முத்தும், எல்லாரும் சேந்து முறை போட்டு காவல் இருந்து சட்டுனு அறுத்துடலாம். ஆளுக்கொரு மாசத்துல விதைச்சா காவலும் மாசக்கணக்குல நீளும், ராகியா இருந்தாலும் அதே கதைதான்.

இந்தப் பக்கம் கன்னடம் பேசுற குடும்பங்கள்ல பெரியவங்க அக்கடி சால்னு ஒரு முறை வச்சிருக்காங்க. ராகி ஏழெட்டு சால், அப்புறம் ஒரு சால் அவரை இல்லனா துவரை, ஓரத்துல ஆமணக்கு, இடைல கடுகு, பேய் எள்ளு. ராகி அறுத்த பிறகும் அவரையும் துவரையும் தை வரைக்கும் நிக்கும், மண்ணுக்கு தழைச்சத்து, வீட்டுக்குப் பருப்பு. பேய் எள்ளு மஞ்சளாப் பூத்துச்சுன்னா காலைல அந்தச் சாலை ஒட்டி நின்னு பாருங்க, தேனீ மொய்க்குற சத்தம் காதுக்குக் கேக்கும், பட்டாம்பூச்சி, பொறிவண்டு எல்லாம் அங்கதான். மக்காச்சோளத் தோட்டத்துல இதுல பாதி கூடப் பாக்க முடியாது. காட்டுப் பல்லுயிர்னா புலி யானை மட்டும் இல்லையே, பூச்சியும் அதைத் திங்குற குருவியும் வேலி பாத்தா நிக்குது?

காசுக்கு வருவோம். ராகிக்கு 2025-26 ஆதார விலை 4,886, மக்காச்சோளத்தை விட ரெண்டு மடங்கு. ஆனா மானாவாரில ஏக்கருக்கு 6-8 குவிண்டால்தான் எதிர்பாக்கணும், அப்போ 30,000-ல இருந்து 39,000 வரைக்கும். வரவு கம்மிதான், மறைக்க வேண்டாம். விதை வீட்டுலயே இருக்கும், மருந்துச் செலவு கிட்டத்தட்ட இல்ல, தாளு மாட்டுக்கு. அரசாங்கமும் தர்மபுரி, கிருஷ்ணகிரில நேரடிக் கொள்முதல் பண்ணி 2023-ல இருந்து தர்மபுரி, நீலகிரி ரேஷன்ல ராகி குடுக்க ஆரம்பிச்சுது, அந்த மாதிரி வாங்குற எடம் நம்ம கைக்கெட்டுற தூரத்துல இருந்தாத்தான் ஆதார விலைக்கு அர்த்தம், இல்லனா வியாபாரி சொல்றதுதான் விலை. ராகிக்கு இன்னொரு நல்லது இருக்கு, அது கெடாது. திம்பம் மலைப்பாதைல 27 கொண்டை ஊசி வளைவு, 2022-ல இருந்து ராத்திரி வண்டிப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. வனவிலங்குக்கு அது நல்ல முடிவு, வண்டில அடிபட்டு சாகுறது கொஞ்ச நஞ்சமா. ஆனா தக்காளி முட்டைகோஸ் போட்டவனுக்கு மார்க்கெட் நேரம் தப்பிச்சா சரக்கு போச்சு. குதிர்ல கெடக்குற ராகிக்கு அந்தப் பயம் இல்ல.

இப்போ யானை தொடாத பயிரு. மஞ்சள், செண்டுமல்லி, மிளகாய். நாலு ஏக்கர்ல போர்வெல் இருக்கவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இந்தக் கூட்டத்தைத்தான். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல புவிசார் குறியீடு கெடைச்சுது, மார்க்கெட் பக்கத்துலயே இருக்கு, காயவச்சு வச்சுட்டா வருஷக்கணக்குல நிக்கும், விலை ஏறுனப்போ விக்கலாம். யானை மஞ்சளைத் திங்காது, ஆனா வழில இருந்தா மிதிச்சுட்டுப் போகும், அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. மிதிச்ச சேதம் ஒரு ராத்திரியோட போச்சு, தின்னு ருசி கண்ட சேதம் தெனமும் வரும். பன்னி சில சமயம் மண்ணைக் கிண்டும். சிக்கல் எங்கன்னா ஒன்பது மாசப் பயிர், தண்ணி கேக்கும், விலை ஒரு நிலை கெடையாது, பல வருஷம் குவிண்டால் ஆறாயிரத்துல தவிச்சுட்டு இருந்து அப்புறம் 2023-ல இருந்து எகிறுச்சு, அந்த எகிறலைப் பாத்துட்டு எல்லாரும் போட்டா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. இன்னொண்ணு யாரும் பேசாதது, மஞ்சள் வேக வைக்க வெறகு வேணும். அந்த வெறகு காட்டுல இருந்து வந்தா நாம ஒரு பக்கம் குடுத்து இன்னொரு பக்கம் புடுங்குற மாதிரி. தோட்டத்து வேலில வளந்த மரத்தைக் கழிச்சோ, நீராவிப் பாய்லர் வச்சிருக்கவங்களைக் கூப்பிட்டோ முடிச்சுக்கறது நல்லது, பாய்லருக்கு வெறகு செலவு கம்மி.

செண்டுமல்லி, குண்டலுபேட்டை பக்கத்துல இருந்து இங்க வரைக்கும் கம்பெனிங்க ஒப்பந்தத்துல போட வைக்கிறாங்க, பூவுல இருந்து லூட்டின்ங்கற மஞ்ச நெறப்பொருளை எடுக்க. கோழித் தீவனத்துல கலந்தா முட்டை மஞ்சக்கரு நல்லா நெறம் வரும். யானை, மான் ரெண்டும் அவ்வளவா சீண்டாது, வேர்ல நூற்புழு குறையும், அதனால மஞ்சளுக்கு முன்னாடி ஒரு போகம் செண்டுமல்லி போட்டா மண்ணுக்கு லாபம். ஆனா வாங்குறவன் ஒருத்தன்தான், விலை அவன் கைல. மிளகாய் வேற மாதிரி, யானைக்கு அந்தக் காரம் ஆகாது, ஓரத்துல நாலு பாத்தி போட்டா போதும், முழு ஏக்கரும் போட்டா பறிக்குற கூலிலயே காசு போயிடும். இலைப்பேன் வேற வந்து மருந்தடிக்க வைக்கும்.

மரம் வச்சுட்டு சும்மா இருக்கலாம்னு நெனைக்குறவங்களுக்கு ரெண்டே வார்த்தை. எலுமிச்சை, நெல்லி, மலைவேம்பு வைங்க. பலா வேண்டவே வேண்டாம், பழுத்த வாசம் அடிச்சா ஊருக்கே யானை வரும். தைல மரமும் வேண்டாம். வருமானத்துக்கு நாலஞ்சு வருஷம் காத்திருக்கணும், வேற வழி இருக்கவங்களுக்குத்தான் இது.

மாடு வளக்குறது தனிக் கதை. பர்கூர் மாடு மாதிரி மலை மாடுங்க காட்டுப் பட்டில மேஞ்சு வளந்தது, 2022-ல ஹைகோர்ட் புலிகள் காப்பகம், சரணாலயத்துக்குள்ள மேய்ச்சல் கூடாதுன்னு சொன்னதுல இருந்து அந்த வழி அடைஞ்சுருச்சு. அதனால நாலு ஏக்கர்காரர் மாடு வச்சா தோட்டத்துத் தீனியோட ரெண்டு மூணுதான், அதுவும் ராத்திரி நல்ல கொட்டகைல, சிறுத்தை வரும். இதுல நான் ரொம்பக் கவலைப்படுறது மருந்து. மாயாறு பள்ளத்தாக்குல பாறுக் கழுகு கூடு கட்டுது, தென்னிந்தியால அதுக்கு மிச்சமிருக்குற முக்கியமான எடம் இதுதான். மாட்டுக்கு வலிக்குப் போடுற டைக்ளோபினாக் அந்தக் கழுகோட கிட்னியை அடிச்சுடும், செத்த மாட்டைத் தின்னா கழுகும் சாகும். 2006-லயே மாட்டு வைத்தியத்துக்குத் தடை பண்ணிட்டாங்க, 2023-ல கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக்குக்கும் தடை. டாக்டர்கிட்ட மெலாக்சிகாம் போடச் சொல்லி வாய் விட்டுக் கேளுங்க, அது கழுகுக்கு ஆபத்தில்ல. அதே மாதிரி சிறுத்தை மாட்டை அடிச்சா கோவத்துல செத்த மாட்டு மேல விஷம் தடவாதீங்க, சிறுத்தைக்கு முன்னாடி கழுகுக் கூட்டமே அதுல போயிடும். நஷ்டஈட்டுக்கு வனத்துறைல மனு குடுக்குறது எரிச்சலான வேலைதான், அலைய விடுவாங்க, ஆனாலும் குடுங்க.

வேலிக்கு வருவோம். அகழி, பாக்க பலமா இருக்கும், ரெண்டு மழைக்கு மண்ணு சரிஞ்சு யானையே எறங்கி ஏற வழி ஆயிடும், சின்ன ஜீவனுங்க உள்ள விழுந்து மாட்டிக்கும். சோலார் வேலி நல்லது, வோல்ட் ஆயிரக்கணக்குல இருந்தாலும் ஒரு செகண்டுக்கு ஒரு தடவை ஒரு வெட்டு வெட்டிட்டு விட்டுடும், உசிருக்கு ஆபத்தில்ல. ஆனா காட்டோரத்துல போட்டா வனத்துறைல பதிவு பண்ணணும்னு 2023-ல தமிழ்நாட்டுல விதி வந்துருச்சு, அதை மறந்துடாதீங்க. பாதி சோலார் வேலி செத்துக் கெடக்குறதுக்குக் காரணம் யானை இல்ல, புல்லுதான். கம்பில புல்லு ஏறித் தொட்டா கரண்ட் மண்ணுல எறங்கிடும், வாரம் ஒரு தடவை அடிக் கம்பியோரம் செதுக்கி விடணும். தந்தத்துல கரண்ட் பாயாதுன்னு கொம்பன் யானைக்குத் தெரியும், கம்பத்தைத் தந்தத்தால தள்ளி சாச்சுடும். அதுக்குத்தான் தொங்கும் சோலார் வேலி, மேல இருந்து கம்பி தொங்கும், எப்படித் தள்ளுனாலும் உடம்புல படும்.

தேனீ வேலி கேக்குறதுக்கு ரொம்ப அழகா இருக்கும். கென்யால அறுவடைக் காலத்துல தேனீப் பெட்டி வேலி 80 சதவீதத்துக்கு மேல யானையைத் திருப்பி விட்டுச்சுன்னு ஆராய்ச்சி வந்துருக்கு. குடகுல 2021-ல காதி கமிஷன் இதை ஆரம்பிச்சுது. ஆனா ஆப்பிரிக்கத் தேனீ மூர்க்கம், நம்ம பெட்டில வளர்க்குறது சாதுவான பொந்துத் தேனீ, அதுவும் யானை வர்ற ராத்திரில அது பெட்டிக்குள்ள அடங்கிக் கெடக்கும். அதனால தேனுக்கும் மகரந்தச் சேர்க்கைக்கும் நாலு பெட்டி வைங்க, அதையே காவலா நம்பாதீங்க. பன்னிக்கு ஓரத்துல நாலு வரிசை ஆமணக்கு, சுத்தியும் பழைய சேலை கட்டி விடுறது கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும், அப்புறம் பன்னி பழகிடும், எடத்தை மாத்தி மாத்திக் கட்டணும். சுடலாமான்னு கேக்காதீங்க, 2025 ஜனவரில வந்த அரசாணைப்படி காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள அதுக்கு எடமே இல்ல.

என் முடிவு இதுதான். நாலு ஏக்கர், ஒரு போர்வெல் இருந்தா, காட்டைப் பாத்த பக்கம் ஒன்றரை ஏக்கர் மஞ்சளும் செண்டுமல்லியும் மாத்தி மாத்தி, அதோட ஓரத்துல மிளகாய், ஆமணக்கு. உள்ள வீட்டுப் பக்கம் ரெண்டு ஏக்கர் அக்கடி சால்ல ராகி, பக்கத்துக்காரங்களோட ஒரே வாரத்துல விதைப்பு. மிச்ச அரை ஏக்கர்ல எலுமிச்சை, நாலு தேனீப் பெட்டி, மாட்டுத் தீவனப்புல்லு. சோலார் வேலி தனியாப் போடாம ஏழெட்டு தோட்டத்துக்காரங்க சேந்து ஒண்ணா. தனித்தனியா வளைச்சா யானை உங்க வேலியைச் சுத்திட்டு அடுத்தவர் தோட்டத்துக்குள்ள நுழையும், செலவும் ஆளுக்கு அதிகம். போர்வெல் இல்லனா மஞ்சளை மறந்துடுங்க, நாலு ஏக்கரும் ராகி, அவரை, ஓரத்துல மிளகாய். புதுசா போர்வெல் போட கடன் வாங்க வேண்டாம். மக்காச்சோளத்தை ஒரே வருஷத்துல நிறுத்த முடியாதவங்க, கடன் இருக்கும், புரியுது, அதைக் காட்டுப் பக்கம் இருந்து எடுத்து வீட்டுப் பக்கம் தள்ளி ஒரு ஏக்கரோட வச்சுக்கிட்டு மத்ததை மாத்துங்க.

நிலமே யானை வழக்கமா போற தடத்துல இருந்தா மேல சொன்ன எதுவும் உதவாது. பழைய ஆளுங்ககிட்ட கேளுங்க, எந்தப் பள்ளம் வழியா எந்தப் பக்கம் போகும்னு ஊராளி, சோளகர் பழங்குடிப் பெரியவங்களுக்கு விரல் நுனில இருக்கும். அந்தத் தடத்தை வேலியடைக்காம, ஒரு துண்டு நிலத்தைப் புல்லா விட்டுட்டு மிச்சத்துல வெள்ளாமை பாக்குறதுதான் செலவு கம்மியான வழி, தடத்தை அடைச்சா யானை திரும்பிப் போகாது, பக்கத்துத் தோட்டத்தை மிதிச்சுட்டுப் போகும், அப்புறம் சண்டை ஊருக்குள்ள. செண்டுமல்லி ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து போடறவங்க ஒண்ணு பாத்துக்கங்க: யானை மிதிச்சு பூ கொறைஞ்சா கம்பெனி குடுத்த விதைக் காசை உங்ககிட்ட புடிச்சுக்குவாங்களா இல்லையான்னு அந்தப் பேப்பர்ல எழுத்துல இருக்கணும், வாய்ல சொன்னது கணக்குல வராது.